குழாய்க்காரர் பஸ் ஏறிய நாள்

மலைக்குப் போய் வந்தவர்கள் மேலே என்ன பார்த்தோம் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே என்ன விட்டோம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அது எங்கள் குழாய்க்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே ஒரு பஸ் நிலையம், மேலே ஒரு பஸ் நிலையம், நடுவில் இருபத்தாறு கொண்டை ஊசி வளைவு. பத்தொன்பது வருஷமாக அந்தப் பாதையில் நான் பஸ் ஓட்டுகிறேன். சீசனில் ஜனம் மொய்க்கும். மேலே அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டால், ஒரு ஏரி, அதில் மிதிபடகு. ஒரு வியூ பாயிண்ட், அங்கே பனிமூட்டமும் முன்னால் நிற்பவன் முதுகும் நன்றாகத் தெரியும். சுட்ட சோளம். வாடகை ஸ்வெட்டர், போன வாரம் போட்டவன் வாசனையோடு. இதற்காகத்தான் ஊர் உலகத்திலிருந்து கிளம்பி வந்து, என் பஸ்ஸில் ஏறி, குடலை வெளியே தள்ளுகிறார்கள்.

மேலே போய்ப் பஸ்ஸை நிறுத்தியதும் குழாய்க்காரர் வருவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் பச்சை நிற ரப்பர் குழாய், கையில் நீளக் கம்பில் கட்டின பிரஷ். தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

"ஏன் டிரைவரே, பன்னெண்டுல அப்படி என்ன அவசரம்?" என்பார்.

முதல் தடவை கேட்டபோது ஆடிப் போய்விட்டேன். இவர் என்ன பஸ் கூரையில் படுத்துக்கொண்டு வந்தாரா? அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். வாந்தி காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் எட்டாவது வளைவுக்குக் கீழே எடுத்தது. ஓரம் காய்ந்து நடுவில் பிசுபிசுப்பாக இருந்தால் பத்துக்கும் பதினெட்டுக்கும் இடையில். வழிந்துகொண்டே வந்தால் இருபதுக்கு மேலே. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயணி மேல் தப்பு. இரண்டு பக்கமும் ஒரே பதத்தில் இருந்தால் டிரைவர் மேல் தப்பு, எங்கேயோ பிரேக்கைப் போட்டு மிதித்திருக்கிறான். டிப்போ மேனேஜர்கூட என்னை இப்படிக் குறுக்கு விசாரணை செய்தது கிடையாது.

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வயிற்றைக் கழுவிக் கழுவி, மலை ஏறுவது எப்படி என்று அவருக்குள் ஒரு சாஸ்திரமே உருவாகிவிட்டது. யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துச் சொல்வார்.

"முதல் பஸ்ஸைப் பிடி. கார்க்காரனுங்க இன்னும் எழுந்திருக்க மாட்டானுங்க, ரோடு காலியா இருக்கும். கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு ரொட்டித் துண்டு. வயித்தை ரொப்பினாலும் கெட்ட, காயப் போட்டாலும் கெட்ட. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசையில உக்காரு. பின் சக்கரத்துக்கு மேல உக்காந்தா அது பஸ் இல்ல, ஊஞ்சல். பள்ளத்தைப் பாக்காத, போனைப் பாக்காத, ரோட்டைப் பாரு. ஜன்னலைத் திறந்து வை."

"எலுமிச்சம்பழம் அண்ணே?" என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அதற்காகவே காத்திருப்பார்.

"எலுமிச்சம்பழமா? அது வித்தவனுக்கு நல்லது. மோந்துகிட்டே வந்தவன் எடுத்ததை நான் கழுவியிருக்கேன். வாசனையா இருக்கும், அவ்வளவுதான்."

இவ்வளவு பேசுகிற மனுஷன் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பயணியாகப் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. வீடு பஸ் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை, இரண்டு அறை. கடை, ஆஸ்பத்திரி, மகள் படித்த பள்ளிக்கூடம், எல்லாமே நடக்கிற தூரம். கீழே இறங்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் வந்தது.

மகள் ஏரியில் படகுக்கு டிக்கெட் கிழிக்கிற கவுன்டரில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை மிதிபடகுகளைப் பழுது பார்க்கக் கீழேயிருந்து ஒரு மெக்கானிக் பையன் பைக்கில் வருவான். கொஞ்ச நாளில் மாதம் ஒருமுறை வாரம் ஒருமுறை ஆனது. படகெல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்காரர்களுக்கும் அவனைப் பிடித்துப் போய், மேலேயே நிரந்தர வேலை தருகிறோம், தங்க வீடும் தருகிறோம் என்றார்கள். பையன் நேராகக் குழாய்க்காரரிடம் வந்து நின்று, பெண்ணைக் கேட்டான். அவருக்கும் சம்மதம், அவர் சம்சாரத்துக்கும் சம்மதம். பையனுடைய அம்மா மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

அந்த அம்மா கீழே மில் கேன்டீனில் சமையல். தினம் இருநூறு பேருக்குச் சோறு போடுகிறவள். குரல் உயர்த்தினால் மில் சங்கு தோற்கும். கல்யாணமான புதிதில் புருஷனோடு மலை பார்க்கக் கிளம்பியவள், மூன்றாவது வளைவில் ஆரம்பித்து, பதினோராவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, இறக்கம் பூராவும் நடந்தே வீடு திரும்பியிருக்கிறாள். அதற்கப்புறம் மலைப் பக்கம் தலை வைத்துப் படுத்தது கிடையாது.

"பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்று சொல்லி அனுப்பினாளாம். "ஆனா எம்புள்ள அங்கயே குடும்பம் நடத்தப் போறான். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல்னா நான் எப்படிப் போவேன்? பேரன் பொறந்தா போட்டோவுலதான் பாக்கணுமா? நான் ஒரு தடவை வாந்தி எடுக்காம மேல வந்து சேர்றேன். அப்ப பேசலாம். முடியலைன்னா அவன் கீழயே ஒருத்தியைப் பாத்துக்கட்டும்."

அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. பிள்ளையைப் போக முடியாத இடத்துக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் குழாய்க்காரர் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பெண் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுப்பதற்குப் பதில் முழுசையும் கொடுத்தாள்.

குழாய்க்காரர் மட்டும் அசரவில்லை. "வாந்தி விஷயம்தானே? அதை என்கிட்ட விட்டுடுங்க. நானே கீழ போயி, பக்கத்துல இருந்து கூட்டிட்டு வர்றேன்," என்றார். பையன் வழியாகத் தன்னுடைய சட்டதிட்டம் எல்லாம் சொல்லி அனுப்பினார். ரொட்டி இரண்டு துண்டு, வேறு எதுவும் கூடாது. முதல் பஸ், காலை எட்டு மணி, என் வண்டி. கண்டக்டரிடம் சொல்லி, எனக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் அந்த அம்மாவுக்கும் புருஷனுக்கும் இரண்டு சீட், அடுத்த வரிசையில் தனக்கு ஒன்று, துண்டு போட்டு வைக்க ஏற்பாடு.

முதல் நாள் மத்தியானம் காய்கறி லாரியில் கிளம்பினார். டிரைவர் பக்கத்துச் சீட், ஜன்னல் திறந்திருக்கிறது, கண் ரோட்டில். ஜம்மென்று இறங்கி வந்துவிட்டார். எங்கள் ஓய்வறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இதுக்காய்யா ஊரே அலறுது?" என்று கேட்டார். எனக்கு அப்போதே லேசாகப் பயம் வந்தது.

மறுநாள் ஏழரைக்கு நான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினேன். குழாய்க்காரர் பையன் வீட்டுக்குப் போயிருந்தார், அவர்களை அழைத்து வர. ஏழு ஐம்பதுக்கு வந்தார்கள். முன்னால் அந்த அம்மா, முகம் பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி. பின்னால் அவள் புருஷன், கோடவுனில் வாட்ச்மேன், நடக்கும்போதே பாதித் தூக்கம். அவர்களுக்குப் பின்னால் யாருமே எதிர்பார்க்காத ஒருத்தி, அந்த அம்மாவின் தங்கச்சி, கை நிறைய எலுமிச்சம்பழத்தோடு. "பொண்ணை நானும் பாக்க வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். கடைசியில் குழாய்க்காரர். பூட்ஸ் இல்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நடை மட்டும் ஒரு தினுசாக இருந்தது, நிறைமாத கர்ப்பிணி போல.

என் ஜன்னல் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "மூணு முட்டை, தம்பி."

"என்ன மூணு முட்டை?"

"வறுத்த மீன் ரெண்டு. சோறு எவ்வளவுன்னு நான் எண்ணல. காலங்காத்தால ஏழு மணிக்கு!"

"அண்ணே, நீங்கதானே சொல்லுவீங்க, வயித்தை ரொப்பினா..."

"தெரியும்யா! அந்தம்மா ரெண்டு ரொட்டித் துண்டைத் தின்னுட்டுச் சும்மா இருக்குன்னு பாத்தா, எனக்கு இலை போடுது. எனக்கு வேணாம்மா, பயணம் போறோம்னேன். அதுக்கு என்ன சொல்லுது தெரியுமா? 'என்னைத்தானே சாப்பிடக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனீங்க. உங்களைச் சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே'ன்னு கரண்டியோட நிக்குது."

கண்டக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். துண்டு போட்டு வைத்த மூன்றாவது சீட்டில் தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். பஸ் நிரம்பிவிட்டது. காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைசி பெஞ்ச், பின் சக்கரத்துக்கும் பின்னால். அங்கே கல்லூரிப் பசங்கள் ஐந்து பேர் பாட்டுப் பாடிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஏதோ ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி..." என்று தங்கச்சியிடம் கண்டக்டர் ஆரம்பித்தார்.

"யோவ், சும்மா இரு," என்று குழாய்க்காரர் அவர் கையை அமுக்கினார். "அவங்க உக்காரட்டும். எனக்கென்ன, எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்." பின்னால் போனார். அந்தப் பசங்கள் மரியாதை தெரிந்தவர்கள், பெரியவருக்கு ஜன்னல் ஓரம் விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு நல்லது மட்டும் நடந்தது.

பூ சுமக்கிற மாதிரி ஓட்டினேன். மூன்றாவது வளைவில் அந்த அம்மா முன் கம்பியைப் பிடித்தாள். ஆறில் பேச்சை நிறுத்தினாள். தங்கச்சி மட்டும் நிறுத்தவில்லை. "அக்கா, மோந்து பாரு அக்கா," என்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் திணித்துக்கொண்டே இருந்தாள். புருஷன் குறட்டை. ஒன்பதில் கண்ணாடியில் பார்த்தேன், அந்த அம்மா முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. ஆனால் கண் மட்டும் ரோட்டை விட்டு நகரவில்லை. சொன்ன பேச்சுக் கேட்கிற மனுஷி.

பதினோராவது வளைவு வந்தது.

"இங்கதான்," என்றாள் யாரிடமோ.

"தாண்டிட்டோம்மா," என்றேன் நான். "இனிமே எல்லாமே உங்களுக்குப் புது எடம்."

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அதைக் கெடுக்க என்று பதினாலாவது வளைவில் ஒரு கார். வளைவுக்கு நட்டநடுவில் நிறுத்தி, கதவை விரியத் திறந்து போட்டு, ஒரு குடும்பமே ரோட்டில் நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மிதித்தேன் பிரேக்கை. மிதிக்காவிட்டால் அவர்கள் போட்டோ சுவரில் மாட்டுகிற போட்டோவாக ஆகியிருக்கும். பஸ் குலுங்கி நின்றது. பின் பெஞ்ச் ஆகாயத்துக்குப் போய் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அவர்கள் பரம்பரையையே நாலு வார்த்தையில் விசாரித்துவிட்டு மறுபடியும் கிளப்பினேன்.

பதினைந்து தாண்டும்போது பின்னாலிருந்து பசங்கள் கத்தினார்கள். "டிரைவர்! நிறுத்துங்க! பெரியவருக்கு முடியல!"

அந்த இடத்தில் எங்கே நிறுத்துவது? பதினாறில் கொஞ்சம் அகலம் உண்டு, அதுவரை போயாக வேண்டும். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கடைசி ஜன்னலில் ஒரு தலை, வெள்ளைச் சட்டைக் காலர். இருபத்திரண்டு வருஷமாகக் கழுவினவர் முதல் முறையாகத் தனக்கே வேலை வைத்துக்கொண்டார். முட்டை, மீன், எண்ணாத சோறு, எல்லாம்.

"யாரது?" என்று அந்த அம்மா திரும்பினாள். அவளே அப்போது விளிம்பில்தான் இருந்தாள், வாயில் முந்தானை. பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில், சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போகிறாள்.

"அம்மா, உக்காருங்க! வளைவு வருது, விழுந்துடுவீங்க!" கண்டக்டர் அலறினார்.

"நீ டிக்கெட்டைப் பாருய்யா!"

பசங்களை ஒரு அதட்டு அதட்டி எழுப்பி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள், ஒரு கையால் முதுகைத் தேய்த்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை. இதற்கு மேல் நடந்தது எல்லாம் பக்கத்தில் நின்ற கண்டக்டர் சொன்னது. அவருக்குக் கூட்டிச் சொல்கிற அளவுக்குக் கற்பனை கிடையாது, அதனால் நம்பலாம்.

"ஏங்க, வேணாம்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லத் தெரியுது!"

"சொன்னேனேம்மா... நீங்க வெச்சீங்க..."

"வெச்சா? நான் இருநூறு பேருக்குப் பரிமாறுறவ. இலைக்கு மேல கையை மறிச்சா அடுத்த ஆளுக்குப் போயிடுவேன். நீங்க மறிச்சீங்களா?"

குழாய்க்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணைக் குடுக்குற வீட்டுல எப்படிம்மா கையை மறிக்கிறது?" என்றார். அதோடு மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மா மறுபடியும் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாளாம். பதினாறில் நிறுத்தியபோதும் அவள் இறங்கவில்லை. ஒரு பையனிடமிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, அவர் முகத்தைக் கழுவிவிட்டாள். தங்கச்சியை அங்கிருந்தே கூப்பிட்டு எலுமிச்சம்பழத்தை எறியச் சொன்னாள். "இது வித்தவனுக்கு..." என்று அவர் ஆரம்பிக்க, "வாயை மூடிட்டு மோந்து பாருங்க," என்றாள். மோந்து பார்த்தார். இருபத்தாறாவது வளைவு வரைக்கும் அவள் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எந்த வளைவு வந்தது, எது போனது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

மேலே பஸ் நிலையத்தில் பையனும் பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள், குழாய்க்காரர் சம்சாரமும் கூட. நான் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினேன். பெண் கதவைப் பார்க்கவில்லை. அப்பன் வளர்த்த பிள்ளை, முதலில் பஸ்ஸின் பக்கவாட்டைத்தான் பார்த்தாள். கடைசி ஜன்னலுக்குக் கீழே பெரிதாக ஒரு கோடு. ஓரம் காய்ந்து, நடுவில் பிசுபிசுப்பு.

"பதினஞ்சு," என்றாள். முகம் அப்படியே தொங்கிவிட்டது. பையன் கையை விட்டுவிட்டாள். "போச்சு. அத்தை எடுத்துட்டாங்க."

பையன் அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பின் கதவு திறந்தது. முதலில் தங்கச்சி இறங்கினாள். அடுத்து அந்த அம்மா இறங்கினாள், கல்லு மாதிரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிறிப்போன முகத்தோடு, கழுத்து வரை நனைந்த வெள்ளைச் சட்டையோடு பெண்ணைப் பெற்ற அப்பன்.

"அப்பா! நீங்களா?"

"நாந்தான். கத்தாத. தலை சுத்துது."

"அக்கா," என்றாள் தங்கச்சி திடீரென்று, "நீ எடுக்கவே இல்லையே அக்கா!"

அந்த அம்மா அங்கேயே நின்றாள். பஸ்ஸைப் பார்த்தாள், ஏறி வந்த ரோட்டைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. "ஆமா," என்றாள். "எங்க நேரம் இருந்துச்சு?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேசலாம் என்று சொன்னவள் பேச வேண்டுமே. அவளோ பிள்ளையின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, குளிர் தாங்காமல் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். குழாய்க்காரருக்குப் பொறுக்கவில்லை. தலை சுற்றலோடே நடந்துபோய்க் குழாயைத் தூக்கினார். பழக்கம். அழுக்குப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியாது. அதுவும் அவருடைய அழுக்கு. திருகைத் திறந்தார், குழாய் துள்ளியதில் கைப்பிடி நழுவி, தண்ணீர் அவர் மேலேயே அடித்தது.

அந்த அம்மா விறுவிறுவென்று போய்க் குழாயைப் பிடுங்கினாள்.

"இங்க குடுங்க சம்பந்தி," என்றாள். "நான் போட்ட சோறு, நானே கழுவுறேன். போய்ச் சட்டையை மாத்துங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத வீடு. எம்புள்ளைக்கு இந்த வீடு போதும்."

சம்பந்தி என்று அவள் சொன்னது தண்ணீர்ச் சத்தத்திலும் எனக்கே சரியாகக் கேட்டது. பெண்ணுக்குக் கேட்காமலா இருக்கும்? அவள் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பையன் தன் அம்மா கையிலிருந்து குழாயை வாங்கப் போய் ஒரு திட்டு வாங்கினான். வாட்ச்மேன் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, "என்ன, முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

குழாய்க்காரர் நேராக என்னிடம் வந்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "ஏன் டிரைவரே, பதினாலுல எதுக்குய்யா பிரேக்கை அப்படி மிதிச்ச?" என்றார்.

கல்யாணத்தை மேலேயே வைத்தார்கள். கீழே வைத்தால் பெண்ணின் அப்பா வர மாட்டார். லாரியில் வேண்டுமானால் வருகிறேன், கல்யாணப் பத்திரிகையில் லாரி என்று போடுங்கள் என்றார். இப்போது கேட்டால், எல்லாமே திட்டம்தான் என்கிறார். "அந்தம்மாவுக்குக் கையில ஒரு வேலை குடுத்தா வயித்தை மறந்துடும்னு எனக்குத் தெரியும்யா. அதான் நான் எடுத்தேன்." பசங்கள், கண்டக்டர், நான், ஒருத்தரும் நம்பவில்லை. மூன்று முட்டையைத் திட்டம் போட்டுத் தின்கிறவன் உலகத்தில் கிடையாது.

சம்பந்தியம்மா மாதம் தவறாமல் என் வண்டியில் வருகிறாள். இரண்டாவது வரிசை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள், நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். ஏறியதும் ஒரு தடவை வண்டி முழுக்கப் பார்த்து, யார் முகம் வெளுக்கிறது என்று கணக்கெடுத்துக்கொள்வாள். மூன்றாவது வளைவிலேயே அவள் கை யாராவது ஒருத்தர் நெற்றியில் இருக்கும், வாய் திட்டிக்கொண்டிருக்கும். போன மாதம் நல்லவேளை ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவள் கைக்கு வேலையும் இல்லை. பதினெட்டாவது வளைவில் அவளே எடுத்துவிட்டாள்.

மேலே குழாய்க்காரர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கம்பைக் கீழே வைத்தார். "பதினெட்டு. ரெண்டு ரொட்டித் துண்டு," என்றார் ரொம்பத் திருப்தியாக. "சம்பந்தியம்மா ஒழுங்கா ஏறியிருக்கு."